சீட்டை மூன்று விரல் உயர்த்திய கதை

1

அங்கே குளிர்காலம் எப்படி இருக்கிறது என்று என் மைத்துனர் கேட்டு எழுதியிருக்கிறார். இருபது வருஷமாக மார்கழி தோறும் கேட்கிறார். நானும் இங்கே குளிர்காலமே கிடையாது என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் நம்புவதாக இல்லை. கப்பலேறிப் போகிற ஊர் என்றால் அங்கே பனி கொட்டியே ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பினாங்கில் வருஷம் பன்னிரண்டு மாதமும் வேர்க்கிறது. ஆனாலும் டிசம்பரில் சில காலைகள் உண்டு. முந்தின இரவு மழை பெய்திருக்கும். கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வரும். எங்கள் ஆபீசுக்கு எதிரே நிற்கிற பஞ்சாபிக் காவல்காரர் கம்பளிப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வார். அவருக்குக் குளிரவில்லை, தன்னிடம் கம்பளி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். நானும் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்கிறேன். அதற்கும் அதே காரணம்தான்.

இந்த வருஷம் அந்தக் காலைகளில் மறுபடியும் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியிருக்கிறேன். போன வருஷம் இதே மாதத்தில்தான் விழுந்தேன். மழைத் தூறலில் ட்ராம் தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டது. சக்கரம் தண்டவாளத்தோடு போயிற்று, நான் என் வழியே போனேன். வலது முழங்கால் சில்லு உடைந்தது. மூன்று மாதம் படுக்கை, பிறகு கைத்தடி, பிறகு ட்ராம். என் வேலை கப்பல் ஏஜென்சியின் சரக்குச் சீட்டுகளை பீச் ஸ்ட்ரீட்டிலிருந்து வெல்ட் கீ துறைமுகத்துக் கிட்டங்கிகளுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது. கால் உடைந்ததும் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னை மேஜையில் உட்கார்த்தி நகல் எழுதச் சொன்னார்கள். அந்த ஆள் இப்போது வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார். வேலை திரும்ப என்னிடம் வந்தது, கூடவே சைக்கிளும்.

2

ஒரு வருஷம் சும்மா நின்ற சைக்கிளை ரோட்டில் இறக்குவது அத்தனை எளிதல்ல. இங்கே சைக்கிளுக்கு முனிசிபல் தகடு வேண்டும். தகட்டைப் புதுப்பிக்கவில்லை என்றால் காரணம் எழுதித் தர வேண்டும். கவுண்டரில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் நான் ‘கால்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஆரின்ட கால்?”

என் கால்தான் என்றேன். அப்படியென்றால் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது ஏன் வரவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேனாவை எடுத்து என் ‘காலு’க்கு முன்னால் ‘உடைமையாளரின்’ என்று தாமே சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இப்படி எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிற ஊருக்கு வந்தவன், ஒருவரும் எழுத்தில் கேட்காத ஒன்றில் போய் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

3

முதலில் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டிப்போட்டு ஆளாக்கியவர் சூசையண்ணன். பெரிய ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருக்கிறார். எனக்கு ஐந்து வயது மூத்தவர், ஒரே ஊர், அடுத்த தெரு. நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறினோம். என் மகள் பிலோமினாவுக்கு ஞானத்தகப்பன் அவர்தான். அவருக்குக் குடும்பம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பாலன் பிறந்த திருநாள் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து காலைப் பலகாரம் சாப்பிடுவார். ஜன்னலோரத்து நாற்காலி அவருடையது. மற்ற நாளில் அதில் துணி கிடக்கும். திருநாளன்று என் மனைவி சவரியம்மாள் அதைத் துடைத்துப் போடுவாள்.

கட்டு அவிழ்த்த அன்று அவர் சொன்னார்: தினம் காலையில் நாற்பது தரம் முழங்காலை மடக்க வேண்டும், வலிக்கும், வலித்தாலும் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை மாதிரி நின்றுவிடும். நான் ஒரு மாதம் மடக்கினேன். வலியில் உயிர் போயிற்று. பாஸ்கா என்னும் ஈஸ்டர் திருநாள் முடிந்ததும் விட்டுவிட்டேன். அவர் கேட்கும்போதெல்லாம் நன்றாக மடங்குகிறதண்ணே என்றேன். எனக்காகத் தன் ஓய்வு நேரமெல்லாம் நடந்து வந்த மனிதரிடம், வலிக்குப் பயந்து விட்டுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே டிசம்பரில் சைக்கிளில் ஏறிப் பார்த்தபோது வலது மிதி மேலே வருகிற இடத்தில் கால் மடங்க மறுத்தது. எங்கள் சந்து முனையில் சீனர் ஒருவர் சைக்கிள் பழுது பார்க்கிறார். மிதித்துக் காட்டினேன். அவர் சீட்டின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மூன்று விரல் அளவு உயர்த்தினார். பிரச்சினை தீர்ந்தது. சீட்டு உயர்ந்தால் முழங்கால் அவ்வளவு மடங்கவேண்டியதில்லை. ஆனால் இன்னொன்று முளைத்தது. உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பக்கத்தில் ஒரு படியோ மேட்டுக் கல்லோ வேண்டும். இங்கே கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடுகிறது, காக்கி லீமா என்பார்கள். அதன் விளிம்பில் காலை ஊன்றி ஏறுவேன், போன இடத்தில் இன்னொரு விளிம்பில் ஊன்றி இறங்குவேன். ஒரு நாளைக்கு ஐந்து கிட்டங்கி, ஐந்து விளிம்பு. நடுவில் மட்டும் யாரும் என்னை இறங்கவைக்கக் கூடாது.

இது தவிர எல்லாம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் தொடவில்லை. ஆனால் கைக்கு எந்த வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்று தெரிகிறது. தண்டவாளம் வந்தால் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும் என்பது, விழுந்த பிறகு, எனக்கு முன்பே என் முதுகுக்குத் தெரிகிறது. மூளை மறந்ததை உடம்பு எங்கே வைத்துக் காப்பாற்றுகிறது என்று பாதி வழி யோசித்துக்கொண்டே போவேன். மூன்று விரல் உயரத்திலிருந்து பார்த்தால் ஊரும் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. மாட்டுவண்டிக்காரர்களின் தலைப்பாகைக்குள் பீடி சொருகியிருப்பது தெரிகிறது. ரிக்‌ஷாவில் போகிற பெரிய மனிதர்களின் வழுக்கை தெரிகிறது.

யார் யார் எப்படி வணக்கம் சொல்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளைக்காரர் சைக்கிளில் போகும்போதே தொப்பியைத் தொடுவார். மலாய்க்காரர் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டிப் போவார். சீனர் போகிற போக்கில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார். பிரெஞ்சுக்காரரான எங்கள் சாமியார் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளில் வந்து, தோத்திரம் சொல்லுமுன்னே ஆசீர்வாதத்தைக் காற்றில் வீசிவிட்டுப் பறந்துவிடுவார். நாம் மட்டும்தான் இறங்குகிறோம். பெரியவரைக் கண்டால், வாத்தியாரைக் கண்டால், மதிப்புக்குரியவர் யாரைக் கண்டாலும் தமிழன் சைக்கிளை விட்டு இறங்குகிறான், இரண்டு வார்த்தை பேசுகிறான், அவர் நகர்ந்த பிறகு ஏறுகிறான். சூலியா தெரு முழுக்க நம்மவர்கள். அந்தத் தெருவைக் கடக்க ஒரு காலத்தில் எனக்கு அரைமணி ஆகும்.

4

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு நான் இனிச் சொல்லப்போவது பிடிக்காது. பரவாயில்லை.

எங்கள் ஊரிலும் இறங்குவது உண்டு. ஆனால் அங்கே எங்கள் தெருக்காரர்கள் மதிப்புக்காக இறங்கவில்லை. நான் நாகப்பட்டினத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, ரயில் கார்டு ஒருவர் விற்ற பழைய சைக்கிளை வாங்கி, முதல் விடுமுறைக்கு அதில் ஊருக்கு வந்தேன். பெரிய தெருவின் முனையில் அந்தத் தெருக்காரர்கள் என்னை நிறுத்தினார்கள். அதிகமாக ஒன்றும் பேசவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார்கள். தள்ளிக்கொண்டு போனேன். அன்று என்னோடு சூசையண்ணன் நடந்து வந்தார். தெரு முடிகிறவரை சைக்கிளின் பின்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேரும் கப்பலேறினோம்.

பினாங்கில் முதல் சைக்கிள் வாங்கிய அன்று நான் செய்த காரியம் இதுதான்: சூலியா தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இறங்காமல் மிதித்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா மிதித்தேன். யாரும் நிறுத்தவில்லை. தெருக்கோடியில் சூசையண்ணன் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் இறங்கினேன். இறங்கச் சொல்ல ஆளில்லாத ஊரில் நானாக இறங்கியது அவருக்குத்தான். அவர் கண் கலங்கியது. அதற்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் அவரைப் பார்த்து நான் இறங்காமல் போனதே இல்லை.

இந்த டிசம்பரின் இரண்டாவது வாரம்வரை.

5

அன்று காலை தூறல் விழுந்துகொண்டிருந்தது. பினாங்கு ரோட்டில் பாசார் என்கிற சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வலது பக்கம் தண்டவாளம், இடது பக்கம் ஆழமான சாக்கடை, கல்லும் இல்லை, படியும் இல்லை. முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து போனார். சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்ததும் சூசையண்ணன் என்று தெரிந்துவிட்டது. இறங்கினால் சரிந்து விழுவேன். விழுந்தால் முழங்காலின் கதை முழுக்க வெளிவந்துவிடும். என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இல்லை. மணியை இரண்டு தரம் அடித்தேன். வணக்கம் என்றுதான் அடித்தேன். அவர் திரும்பினார். நான் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அப்படியே கடந்து போய்விட்டேன். மூன்று விரல் உயரத்திலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் எங்கள் பக்கம் உட்காரவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். பூசை முடிந்து நான் தேடுவதற்குள் கிளம்பிவிட்டார். சவரியம்மாள் வாசலில் பிடித்து, திருநாளுக்கு இடியாப்பமா தோசையா என்று கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் அன்றைக்குத் தமக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவிட்டாராம். இருபது வருஷத்தில் அந்த நாளில் அவர் வேலை பார்த்ததே இல்லை.

நடந்ததை வீட்டில் சொன்னேன். பிலோமினாவுக்குப் பதின்மூன்று வயது, கான்வென்ட்டில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் பேசும் தமிழை ஒரு சத்தம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், பதில் மட்டும் அவள் பாஷையில் வரும்.

“இதுக்குப் போயி பெரியப்பா மாராவா இருக்காங்களா? இங்க யாருப்பா எறங்குறா? கை ஆட்டுனா போதும்லா” என்றாள்.

மாரா என்றால் மலாயில் கோபம். அவளுக்குக் கோபம் என்ற வார்த்தை தெரியும், வாயில் வருவதில்லை. பெரிய தெருவின் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அது தெரியாமல் ஒரு பிள்ளை வளரட்டும் என்றுதான் கடல் தாண்டினோம். இப்போது அது தெரியாததால் நான் எதை இழக்கப் பார்க்கிறேன் என்று அவளுக்கு விளக்கவும் முடியவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தேன். அதில் அவளுடைய பள்ளிக்கூடப் பை கிடந்தது.

சவரியம்மாள் என்னைவிடச் சுருக்கமாக யோசிக்கிறவள். முழங்காலை மறைத்ததும் அவளுக்குத் தெரியும்.

“போயி அவங்க முன்னாடி எறங்கிட்டு வாங்க. விழுந்தா விழுங்க” என்றாள்.

6

திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வாசலில் கல் இருக்கிறது, படி இருக்கிறது; அங்கே ஊன்றி இறங்கினால் இறங்கியதாகவே ஆகாது என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி மரத்தடியில் ஒற்றைக் காலை அடிமரத்தில் ஊன்றிக் காத்திருந்தேன். சூசையண்ணன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் மிதித்துப் போய், அவருக்கு நேரே, நட்ட நடு ரோட்டில் இறங்கினேன்.

இறங்கினேன் என்று எழுதுவது பெருமைக்காக. இடது காலை மிதியில் ஊன்றி வலது காலைச் சீட்டுக்கு மேலே தூக்கினேன். மடங்காத கால் சீட்டில் தட்டியது. நானும் சைக்கிளும் ஒன்றாகச் சாய்ந்தோம். ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது, அதில் போய் உட்கார்ந்தேன். சூசையண்ணன் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, டிரஸ்ஸர் வந்துவிட்டார். எழுந்திருக்காதே என்று தோளை அழுத்திவிட்டு முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கினார். பாதி வழியில் நின்றுவிட்டது.

“இவ்வளவுதானா? எப்ப நிறுத்துன?”

“பாஸ்கா முடிஞ்சதும்ணே.”

 அவர் சீட்டைப் பார்த்தார், அதன் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார், என் காலைப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். வலிக்குப் பயந்தது, பொய் சொன்னது, அன்று இறங்காமல் போனது, அதற்கு மன்னிக்க வேண்டும் என்பது. இறங்காததற்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நீ எறங்கலைன்னு எனக்கு என்ன வந்துது? ஒன்னைய நான் எறங்கச் சொல்லியிருக்கேனா? எறங்கச் சொல்றவன் இல்லாத ஊருன்னுதானே வந்தோம்.” முழங்காலிலிருந்து கையை எடுத்தார். “மணி அடிச்ச பாரு அந்தோணி. ரெண்டு தரம். மணி கேட்டதும் நான் சாக்கடை ஓரமா ஒதுங்கி, கொடையையும் எறக்கிட்டேன். அப்புறந்தான் திரும்பி யாருன்னு பார்த்தேன்.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பண்ணைக் காரியஸ்தர் சைக்கிளில் வருவார். வருகிறவர் யார் என்று தெரியவேண்டியதில்லை, மணி கேட்டால் போதும். ரோட்டில் போகிற எங்கள் ஆட்கள் வரப்பில் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர் இரண்டு தரம்தான் அடிப்பார். மூன்றாவது தரம் அடிக்க வைத்தவனை நான் பார்த்ததில்லை.

“இருவது வருஷம் ஆச்சுடா. எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஒடம்பு மறக்கல.”

சைக்கிள் மிதிக்கத் தெரிந்த உடம்பை வியந்துகொண்டே ஊர் சுற்றியவன் நான். அதே உடம்பு இதையும் பத்திரமாக வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அழுதேன். தண்ணீரில் உட்கார்ந்திருந்ததால் ரோட்டில் போனவர்கள் அடிபட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சூசையண்ணன் என்னைத் தூக்கி நிறுத்தினார். சைக்கிளை அவரே நிமிர்த்தினார். நான் ஏற முடியாது என்பதால் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் பின்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே வந்தார். சந்து முனைவரை அப்படியே நடந்தோம். அங்கே நின்று, நாளைக் காலையிலிருந்து நாற்பது அல்ல அறுபது தரம் என்றார். திருநாளுக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லாமல் போய்விட்டார்.

7

திருநாளன்று பூசையில் பெரும் கூட்டம். சாமியாரின் தமிழ்ப் பிரசங்கத்தில் வழக்கம்போல் இடையர்கள் எல்லோரும் ‘வந்தான்’ என்று ஒருமையில் வந்தார்கள். சூசையண்ணனைப் பார்த்தேனோ இல்லையோ, சரியாகத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு தலை அவருடையது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சவரியம்மாள் நாற்காலியைத் துடைத்தாள். இருந்த வேலைகளில் அதைத்தான் முதலில் செய்தாள். பிலோமினா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் முந்தின நாள் பெரிய தெருவின் கதையைச் சொல்லியிருந்தேன். முழுக்கச் சொன்னேன். அவள் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: “பெரியப்பா ஏம்ப்பா சைக்கிள் மேல கை வெச்சிக்கிட்டு வந்தாங்க?” இருபது வருஷமாக நான் கேட்காத கேள்வி. தெரியாது என்று சொன்னேன். நிஜமாகவே தெரியாது.

இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. மழை விட்டு வெயில் லேசாக வந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழோ முப்பத்தெட்டோ இருக்கும்.

வாசலில் மணி அடித்தது. இரண்டு தரம்.

சைக்கிளை வாசலில்தான் சாத்தியிருந்தேன். கதவைத் திறந்தேன். சூசையண்ணன் வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக நின்றிருந்தார். அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது, இத்தனை வருஷத்தில் கற்றுக்கொள்ளவும் இல்லை. கட்டை விரலை என் சைக்கிள் மணியின் மேலேயே வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் அதை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் இன்னொரு தரம் மணியை அடித்தார்.

“ஒதுங்குடா அந்தோணி” என்றார். “நான் உள்ள வரணும்.”

நான் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.